ஆபிரிக்காவைச் சுற்றி வந்த கல்யாணப் பெட்டி

அன்று கடையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். முதலாளி, கொஞ்ச நேரம் மட்டும். கணினிக்கு முன்னால் பஸ்லியா. லொறிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு காரைதீவு சிவநேசன். கையில் கல்யாணக் கார்டுக் கட்டோடு சாய்ந்தமருது ஜெஸீமா. அதோடு, பெரியநீலாவணையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டு, எங்களோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல் ஃபேனுக்குக் கீழ் நிற்பதற்காக மட்டும் உள்ளே வந்த ஒருவர். இவ்வளவு பேர்தான். இப்போது கல்முனை பஸாரில் யாரைக் கேட்டாலும் அன்று தானும் அங்கே நின்றதாகத்தான் சொல்கிறார்கள். அத்தனை பேர் நின்றிருந்தால் எங்கள் கடைச் சுவர் விழுந்திருக்கும்.

தம்பிமார், தங்கச்சிமார், நீங்கள் இந்தக் கார்கோ தொழிலுக்குப் புதிது. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியை எப்படி எடுப்பது, சுங்கத்தில் எந்த வரிசையில் நிற்பது என்பதையெல்லாம் பஸ்லியா சொல்லித் தருவார். நான் சொல்ல வருவது வேறு. பெட்டி வரும் நாளில் யாரும் கடையில் நிற்கலாம். பெட்டி வராத நாளில் எப்படி நிற்பது என்பதுதான் தொழில்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பூமிசாத்திரம் முழுவதையும் இந்தக் கடையில்தான் படித்தேன். உலகத்தில் எந்த மூலையில் எது நடந்தாலும் அது கொஞ்ச நாளில் எங்கள் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கும். செங்கடலின் வட முனையில் ஒரு கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டு கால்வாயை அடைத்தது என்று செய்தி வந்தால், மற்றவர்கள் ஆச்சரியப்பட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்பார்கள். எனக்குத் தேத்தண்ணீர் இறங்காது. அந்தக் கப்பலுக்குப் பின்னால் நிற்கும் கப்பலில் யாருடைய பால்மா இருக்கிறது, யாருடைய சப்பாத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"உலகத்துல எங்க வெடிச்சாலும் இந்த மனிசனுக்குத்தான் வயித்தக் கலக்குது" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். பொய் இல்லை.

அந்தக் கால்வாய்க் கப்பல் மாட்டிய நேரம் ஒருவர் கடைக்கு வந்து, "மண் மூடின எங்கட ஆத்துவாய மாரியில வெட்டி விடுறானுகளே, அவனுகள்ல நாலு பேர அங்க அனுப்பினா என்ன காக்கா?" என்று உண்மையாகவே யோசனை சொன்னார். இன்னொரு முறை எங்கோ சண்டை தொடங்கி, விமானம் பறக்காதபடி வானத்தை மூடிவிட்டார்கள் என்று செய்தி. ஒரு வயதான உம்மா வந்து, "வானத்த எப்பிடி மனே மூடுவானுகள்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. ஆனால் கவுண்டரில் நிற்பவன் தெரியாது என்று சொன்னால் பெட்டி களவு போய்விட்டது என்று ஊர் முடிவுகட்டிவிடும். "மேலால மூடுறதுதான் உம்மா, பொறகு திறப்பாங்க" என்றேன். அவர் திருப்தியாகப் போனார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

சரி, ஜெஸீமாவின் பெட்டிக்கு வருகிறேன்.

ஜெஸீமாவின் கணவர் ஜித்தாவில் தண்ணீர் பவுஸர் லொறி ஓட்டுபவர். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது. வீடு கட்டியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிவருவது. ஆகவே நிக்காஹ்வுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு வான் வண்டி நிறைய வந்து, அவர் இருக்கப் போகும் அறையையும் வீட்டுச் சாமானையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தச் சாமானெல்லாம் ஜித்தாவிலிருந்து கப்பல் பெட்டியில் வர வேண்டும். தங்க விளிம்பு போட்ட ரோஜாப்பூ டின்னர் செட். குதிரைப் படம் போட்ட கம்பளி. கண்ணாடித் தொங்கு லைட். வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு அவர் வரப்போவதில்லை. அவருக்குப் பதிலாக வரப்போவது அந்தப் பெட்டிதான்.

பெட்டி கப்பலில் ஏறிய செய்தி வந்த அன்று முதலாளி நல்ல சந்தோஷத்தில் இருந்தார். ஜெஸீமா வந்து, "எப்ப வரும் முதலாளி?" என்று கேட்டார். நான் மேசைக்குக் கீழால் முதலாளியின் காலை மிதித்தேன். மிதித்தது போதவில்லை போல. "பத்தாம் தேதி உங்கட ஊட்டு வாசல்ல இறக்கிருவம் தங்கச்சி. எழுதி வெச்சுக்கங்க" என்றார்.

ஜெஸீமா எழுதி வைக்கவில்லை. அதைவிடப் பெரிய வேலை செய்தார். வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் போன் எடுத்து, சாமான் எல்லாம் வந்து இறங்கிவிட்டது, ரோஜாப்பூ செட்டை ஷோகேஸில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று பூ எத்தனை இதழ் என்பது வரைக்கும் சொல்லிவிட்டார். பத்தாம் தேதி வரத்தானே போகிறது, கொஞ்ச நாள் முந்திச் சொன்னால் என்ன என்பது அவருடைய நியாயம்.

அதன் பிறகுதான் செங்கடலில் கப்பல்களுக்கு அடி விழத் தொடங்கியது. ஜித்தாவிலிருந்து தெற்கே வந்தால் எங்கள் கடல். அந்த வாசலில் சண்டை. கப்பல்காரர்கள் பயந்து வடக்கே திரும்பி, கால்வாயால் ஏறி, மேற்கே போய், ஆபிரிக்கா முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொழும்புக்கு வரப் புறப்பட்டார்கள்.

பத்தாம் தேதியும் போனது. ஜெஸீமா கடைக்கு வந்தார். நான் தொடக்கத்தில் சொன்ன அந்த நாள் இதுதான்.

வாசலில் அவருடைய அபாயாவின் நிழல் விழுந்ததும் முதலாளி எழும்பி, "லுஹருக்கு நேரமாச்சு" என்று பள்ளிவாசல் பக்கம் நடந்தார். பாங்கு சொல்ல இன்னும் வெகு நேரம் இருந்தது. அந்த மாதம் முதலாளி ஒரு தொழுகையைக்கூடப் பிந்தவில்லை.

"காக்கா, என்ட பெட்டி எங்க?"

என்னை ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். ஆனால் அன்று அந்தச் சொல் பொலிஸ்காரன் கூப்பிடுவதுபோல் இருந்தது. நான் பஸ்லியாவைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஒன்றும் மறைக்கத் தெரியாதது. கணினித் திரையை அப்படியே ஜெஸீமாவின் பக்கம் திருப்பிவிட்டது.

"இந்தா ராத்தா, இந்தப் புள்ளிதான் கப்பல்."

"இது எந்த ஊரு?"

"ஸ்பெயினுக்குக் கிட்ட."

"ஸ்பெயினா? அங்க ஆருட கல்யாணம்?"

ஃபேனுக்குக் கீழ் நின்ற மீன்காரர் சிரித்துவிட்டார். ஜெஸீமா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கையிலிருந்த வெறும் மீன் கூடையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஆனால் வெளியே போகவில்லை.

நான் விளக்கத் தொடங்கினேன். செங்கடல், வாசல், ஏவுகணை, கப்பல் காப்புறுதி. பதற்றம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. தெரிந்ததையும் தெரியாததையும் கலந்து கொட்டினேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது.

"காக்கா, நான் படிக்காதவ. ஆனா மடச்சி இல்ல. என்ட ஊட்டுக்காரர் ஜித்தாவில இருந்து பிளேன்ல ஏறினா விடியிறத்துக்குள்ள கட்டுநாயக்காவில நிப்பார். கிழக்க கிடக்கிற ஊருக்கு வாறத்துக்கு எந்தப் பைத்தியகாரன் மேக்க போவான்? பெட்டியத் துலச்சுப் போட்டு எனக்குக் கதை சொல்றீங்க."

அவர் சொன்னது அப்படியே என் மனசில் இருந்ததுதான்.

அப்போது சிவநேசன் சாவி சுழற்றுவதை நிறுத்தினான். "அக்கா, நான் ஒண்டு சொல்லட்டா? சண்டைக் காலத்துல காரைதீவில இருந்து மட்டக்களப்புக்குச் சாமான் ஏத்தின ஆள் நான். நேர் றோட்டால போனா எவ்வளவு தூரம்?"

"இந்தா கிடக்கு."

"ஓம், இந்தா கிடக்கு. ஆனா றோட்டுல சண்டை எண்டா நான் எப்பிடிப் போனன்? அம்பாறை, மகியங்கனை, பொலன்னறுவை எண்டு சுத்திப் போனன். வடக்க இரிக்கிற ஊருக்குப் போறதுக்கு முதல்ல மேக்க போனன். எனக்கென்ன பைத்தியமா? உசிரோட போய்ச் சேரணும். கப்பல்காரனும் மனிசன்தானே. அவனுக்கும் பொஞ்சாதி புள்ள இரிக்கும்தானே."

ஜெஸீமா கார்டுக் கட்டை மேசையில் வைத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப பெட்டி துலயல்ல."

"துலயல்ல அக்கா. மகியங்கனையால வருது."

தம்பிமார், நான் அரை மணித்தியாலம் உலக அரசியல் பேசியும் நடக்காதது இரண்டு நிமிடத்தில் நடந்தது. இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்கு வேண்டியது காரணம் இல்லை. பெட்டி இருக்கிறது என்பதை அவர் தன் கண்ணால் காண வேண்டும். எங்கள் கரையில் வளைந்து போன பாதையைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அவருக்குத் தெரிந்த றோட்டைக் காட்டுங்கள். தேதியை மட்டும் வாயால் சொல்லாதீர்கள். கப்பலுக்குத் திசை உண்டு, தேதி இல்லை.

ஆனால் பெட்டி பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஜெஸீமாவுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளையின் உம்மாவிடம் சொல்லி வைத்த கதையைச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் வான் வண்டியில் வருகிறார்களாம்.

"எல்லாம் வந்திட்டெண்டு சொல்லிப் போட்டன் காக்கா. இப்ப வெறும் ஷோகேஸக் காட்டினா என்ன சொல்லுவாங்க? இத்தின வருஷம் ஜித்தாவில கிடந்த மனிசன் ஒரு பீங்கானும் அனுப்பல்ல எண்டுவாங்க. அதுக்கு மேல, இவள்ட வாய் முழுக்கப் பொய், இவள்ட மகள எப்பிடி எடுக்கிற எண்டு கேப்பாங்க. போன சம்பந்தமும் ஒரு வாய்ச்சொல்லாலதான் முறிஞ்ச. இதுவும் முறிஞ்சா என்ட கொமர எப்பிடிக் கரையேத்துற?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? "அல்லாஹ் பாத்துக்குவான் தங்கச்சி, உண்மையச் சொல்லிருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவான். ஆனால் என் முன்னால் ஒருவர் அழுதால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அந்த அழுகையை நிறுத்துவதற்காக ஏதாவது ஒப்புக்கொண்டுவிடுவேன்.

"நான் ஒழுங்குபடுத்துறன்" என்றேன். எதை என்று எனக்கே தெரியாது.

வழியையும் சிவநேசன்தான் காட்டினான். ஜித்தாவில் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே சந்தையில், ஒரே சந்தில், தமிழ் கொஞ்சம் விளங்கும் ஒரே கடைக்காரனிடம்தான் வாங்குவார்கள். ஒருவர் வாங்கிய ரோஜாப்பூ செட்டை மற்றவர் படம் பிடித்து மனைவிக்கு அனுப்ப, மனைவி எனக்கும் அதுதான் வேண்டும் என்பார். ஆகவே மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் ஒரே பூ, ஒரே குதிரை, ஒரே லைட். எந்த வீட்டில் எது இருக்கிறது என்பது இறக்கிக் கொடுத்த எங்களுக்குத்தான் தெரியும்.

"இரவல் வாங்குவம் காக்கா. ஒரு பின்னேரத்துக்குத்தானே."

கம்பளி நிந்தவூரில் கிடைத்தது. லைட் நற்பிட்டிமுனையில். டின்னர் செட்டுக்கு மருதமுனையில் ரிஸ்வானா என்ற பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். நல்ல பிள்ளை. உம்மாவும் அவளோடுதான் இருக்கிறார். நான் போன நேரம் உம்மா பக்கத்து மரண வீட்டுக்கு மய்யித்துப் பார்க்கப் போயிருந்தார்.

"ஆருக்குக் காக்கா?"

"அத மட்டும் கேக்காதீங்க புள்ள. ஒரு கண்ணியமான குடும்பம். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதீங்க."

"உம்மாக்கும் சொல்லப் படாதா?"

"உம்மாக்கும்தான். ஷோகேஸுக்குப் பூச்சி மருந்து அடிக்க எடுத்து வெச்சதெண்டு சொல்லுங்க."

"சரி, கொண்டு போங்க. பெரிய பாத்திரத்துட மூடி மட்டும் இல்ல. அது குசினியில பாவனையில இரிக்கி."

பரவாயில்லை என்றேன். மூடி இல்லாத பாத்திரத்தின் மேல் ஒரு லேஸ் துணியைப் போட்டால் முடிந்தது.

இரகசியத்தை நான் எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினேன் என்பதைக் கவனியுங்கள். கொடுத்தவளுக்கு வாங்கியவரைச் சொல்லவில்லை. வாங்கியவருக்குக் கொடுத்தவளைச் சொல்லவில்லை. கல்யாணம் என்று கேள்விப்பட்டால் எங்கள் கரையில் சின்னப் பிள்ளையும் முதலில் கேட்கும் கேள்வி, மாப்பிள்ளை எந்த ஊர் என்பது. கல்முனையில் அதைக் கேட்காத ஒரே மனிதன் நான். எனக்கு அந்தக் கல்யாணத்தில் வெள்ளிக்கிழமை என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்திருந்தது.

சாமானையெல்லாம் பழைய கார்கோ பெட்டி ஒன்றில் அடுக்கி, புது டேப் ஒட்டி, மேலே கறுப்புப் பேனையால் ஜெஸீமாவின் பெயரை எழுதி, அந்தத் தெரு ஒழுங்கை முழுவதும் பார்க்கும்படி சிவநேசன் லொறியில் கொண்டுபோய் இறக்கினான். ஜெஸீமாவும் வாசலில் நின்று, "பாத்து இறக்குங்க, ஜித்தாவில இருந்து வந்த சாமான்" என்று சத்தமாகச் சொன்னார். அதுவும் பொய் இல்லையே. வந்தது ஜித்தாவிலிருந்துதான், யாருக்கு என்பதுதான் பிரச்சினை.

அன்றைக்கே வாப்பா வீடியோ கோலில் வந்தார். மகள் கம்பளியை விரித்துக் காட்டினாள். மனிதர் முகம் மாறியது. "இது என்ட குதிர இல்லயே. என்ட குதிர வலப்பக்கம் பாக்கும்." ஜெஸீமா விஷயத்தைச் சொன்னார். பிறகு மெதுவாக, "சரி. அப்ப கட்டில இடப்பக்கம் திருப்பிப் போடுங்க. அவங்க வந்தா குதிர கதவடிப் பக்கம் பாக்கிற மாதிரி" என்றார். தான் வராத கல்யாணத்தில் அந்த மனிதரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். சிவநேசன் கட்டிலைத் திருப்பினான்.

வெள்ளிக்கிழமை என்னையும் வரச் சொன்னார்கள். லைட்டைக் கூரையில் பூட்டியது சிவநேசன். அவன் லொறிக்காரன், மின்சாரக்காரன் இல்லை. பழுதாகி எல்லாம் அணைந்துபோனால் பார்க்க ஒருவர் வேண்டும் என்று என்னை வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குப் பக்கத்தில், மெயின் சுவிட்சுக்கு அருகில் நிறுத்தினார்கள். பயந்தவனை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வான் வந்தது. முதலில் ஒரு முதிய பெண் இறங்கினார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் எல்லாரும் ஹாஜியானி என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா அவர்தான். பின்னால் இரண்டு மூன்று பெண்கள். கடைசியாக, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ரிஸ்வானா.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ரிஸ்வானாவும் என்னைக் கண்டுவிட்டாள். கண்டதும் அவள் கண் ஜன்னலுக்குப் போனது. ஜன்னலுக்கு உள்ளே, தொங்கு லைட்டின் வெளிச்சத்தில், அவளுடைய ரோஜாப்பூ செட் பளபளவென்று நின்றது.

"காக்கா..." என்று வாய் திறந்தாள். நான் இரண்டு கையையும் கூப்பினேன். பெண்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். அந்த நேரம் என் மூளை ஒரே ஒரு முடிவைத்தான் சொன்னது: வெளிச்சம் இல்லாவிட்டால் செட் தெரியாது. மெயினை இறக்கினேன்.

லைட் போனது. ஃபேனும் போனது. உள்ளே ஒரே வேர்வை. "காத்தில்ல புள்ள, ஜன்னலத் திறங்க" என்றார் ஹாஜியானி. மூடியிருந்த மற்ற ஜன்னல்களின் திரைகளையெல்லாம் இழுத்துத் திறந்தார்கள். மாலை வெயில் நேராக ஷோகேஸில் போய் விழுந்தது. லைட் வெளிச்சத்தில் பூ மட்டும் தெரிந்த செட், வெயிலில் கோப்பையின் கீறல் வரைக்கும் தெரிந்தது.

ஹாஜியானி எழுந்து ஷோகேஸுக்குக் கிட்டப் போனார். வெளியே நான் கலிமா ஓதத் தொடங்கினேன்.

ஜெஸீமா பின்னாலேயே ஓடி வந்தார். "அது... இவள்ட வாப்பா ஜித்தாவில இருந்து அனுப்பின..."

ஹாஜியானி பெரிய பாத்திரத்தின் மேல் கிடந்த லேஸ் துணியை இரண்டு விரலால் தூக்கினார். "இதுட மூடி?"

"மூடி... பொறகு வருது மாமி."

"வராது."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எவ்வளவு நேரம் போனதென்று எனக்குத் தெரியாது. மெயின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு ஆபிரிக்காவைச் சுற்றி வந்ததுபோல் இருந்தது.

"எப்பிடி வரும்? அது எங்கட குசினியில மீனாணச் சட்டிய மூடிக் கிடக்கே" என்றார் ஹாஜியானி. "ரிஸ்வானா, என்ன புள்ள இது? பூச்சி மருந்து அடிக்க எடுத்தெண்டு எனக்குச் சொன்னியே, பூச்சி சாய்ந்தமருதுக்கா வந்த?" ரிஸ்வானாவோடு இருக்கும் அந்த உம்மா இந்த ஹாஜியானிதான், மாப்பிள்ளை அவளுடைய சகோதரன்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜெஸீமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பத்தாம் தேதி, ஸ்பெயின், மகியங்கனை, எல்லாம். "மாமி, நான் பொய் சொன்னது என்ட வாய்க்கொழுப்பு. என்ட புள்ளைக்கு ஒண்டும் தெரியா. அவள்ல கோவிக்காதீங்க" என்றார்.

ஹாஜியானி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு ரிஸ்வானாவைப் பார்த்தார். ரிஸ்வானா தலையைக் குனிந்துகொண்டு வாயைப் பொத்தினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"எழும்பு கா. எழும்பி இஞ்ச இரி" என்றார் ஹாஜியானி. "மாப்பிள்ளைக்குக் கோட்டும் சப்பாத்தும் அவன்ட காக்கா ஜித்தாவில இருந்து அனுப்பிட்டான், வந்திட்டெண்டு போன கிழம உனக்கு நான் போன்ல சொன்னனா இல்லயா?"

"சொன்னீங்க மாமி."

"அதுவும் ஆபிரிக்காவிலதான் நிக்கிது. வேற கார்கோ, கப்பல் ஒண்டுதான். என்ட மகன் இப்ப இரவல் கோட்டுப் போட்டுப் பாத்துக்கு நிக்கிறான். கை ரெண்டும் முழங்கையோட நிக்கிது."

ரிஸ்வானாவுக்கு இனி அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, மற்றப் பெண்களும் சிரிக்க, ஜெஸீமா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

"மூடிய நாளைக்கு அனுப்புறன்" என்றார் ஹாஜியானி. "செட்டு இனி இஞ்சயே கிடக்கட்டும். எப்பிடியும் என்ட மகன் இஞ்சதானே சாப்பிடப் போறான். அவனுக்கு இந்தப் பீங்கான்தான் பழக்கம். உன்ட பெட்டி வந்தா புதுசு ரிஸ்வானாக்கு." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "வெளியில நிக்கிற தம்பி, உங்கட ஓதல் முடிஞ்சா கரண்டப் போடுங்க. வேர்த்துக் கொட்டுது."

நான் மெயினைத் தூக்கினேன். லைட் பற்றிக்கொண்டது. உள்ளே பெண்கள் ஆஹா என்றார்கள். சிவநேசன் பூட்டியது சரியாகத்தான் இருந்திருக்கிறது. என் கை ஒன்றுதான் பிழை.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டே படத்துக்கு நின்றார். முதலாளி வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். அடுத்த நாளிலிருந்து அவருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் தொழுகை ஞாபகம் வந்தது. பெட்டி அதற்குப் பிறகு வெகு நாள் கழித்து வந்தது. பெண்ணுக்கு மசக்கை தொடங்கிய பிறகு. ஒரு பீங்கான்கூட உடையவில்லை. குதிரை வலப்பக்கம்தான் பார்த்தது. வாப்பாவுக்குப் போனில் காட்டி, கட்டிலைத் திரும்பவும் பழைய பக்கம் திருப்பினோம்.

இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு காரியம். அந்தச் சுற்றுக்குக் கப்பல் கம்பனி யுத்த ஆபத்துக் கட்டணம் என்று ஒன்றைப் போட்டது. அதைப் பெட்டிகளுக்குப் பிரித்தோம். மற்ற எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு கட்டினார்கள். ஜெஸீமா கட்டவில்லை. நான் கேட்கப் போகும்போதெல்லாம், "சண்ட பிடிச்சவனுகள்ட்டப் போய்க் கேளுங்க காக்கா. நான் ஆரோடயும் சண்ட பிடிக்கல்ல. முதல்ல வந்து சாப்பிடுங்க" என்று ரோஜாப்பூப் பீங்கானில் சோறு போட்டு, மூடியுள்ள பெரிய பாத்திரத்தில் மீனாணம் கொண்டுவந்து வைப்பார். சாப்பிட்ட பிறகு காசு கேட்கும் முகம் எனக்கு இல்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இனி உங்கள் பாடு. போகிறவர்கள் பசியோடு போங்கள்.

வரவேண்டிய பாக்கி: ஏழாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.